ஒன்பதாம் தேதி டீக்கறை

பிஸ்கட் தொழிற்சாலையின் தர அதிகாரிக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் மாவு கலக்கும் கூடத்திலிருந்து பெட்டி ஒட்டும் கூடம் வரை எல்லாருக்கும் அவர் சுண்ணாம்பு சார்தான். ஆய்வாளர்கள் வரப்போகிறார்கள் என்று கடிதம் வந்தால், அவர் முதலில் கூப்பிடுவது வெள்ளையடிக்கும் ஆட்களை. அடுத்தது பெயிண்ட். அதற்கும் அடுத்தது பதிவேடுகள். இருபத்தொரு நாள் கொடுத்தால் போதும், எலி ஓடிய இடத்தில் ஆய்வாளரை உட்காரவைத்து டீ கொடுத்து அனுப்பிவிடுவார். பத்தொன்பது வருஷத்தில் ஒரு ஆய்விலும் தொழிற்சாலை தோற்றதில்லை. முதலாளி அவரைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்.

அப்பேர்ப்பட்ட மனிதர், ஐம்பத்தேழாவது வயதில், மூன்றாவது மாடியில் இருக்கும் தன் வீட்டுக்கு ஏறிப் போகும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் நிற்க ஆரம்பித்தார்.

சும்மா நிற்கமாட்டார். அங்கே சுவரில் மின்சார மீட்டர்கள் வரிசையாக இருந்தன. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மீட்டரை உற்றுப் பார்ப்பார். உண்மை என்னவென்றால், அந்த நேரத்தில் அவருடைய மார்புக்கு நடுவில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவது போல இருக்கும். இரண்டு நிமிஷம் நின்றால் அடங்கிவிடும். நாலு மாசமாக இப்படித்தான்.

"மீட்டர்ல என்னங்க ஓடுது?" என்று கேட்பார் மனைவி.

"நேத்தைவிட வேகமா ஓடுது."

"அது எதிர் வீட்டுக்காரங்க மீட்டர்."

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். முப்பது வருஷமாக விடைத்தாள் திருத்துகிறவர். விடை மட்டும் எழுதி, செய்முறை எழுதாமல் விட்டவனை ஒரு பார்வையிலேயே நடுங்கவைப்பவர். கணவர் நிற்கும்போது அவரும் கூடவே நிற்பார். பையைக் கீழே வைத்துவிட்டு, பாட்டில் தண்ணீரை மடமடவென்று பாதி காலி செய்வார். சில நாள் அவருடைய வலது கால் செருப்பு நாலு படிக்கு முன்னாலேயே கழன்று கிடக்கும். திரும்பிப் போய் மாட்டிக்கொண்டு வருவார். "புதுசா ஒரு ஜோடி வாங்கேன்" என்பார் சுண்ணாம்பு சார். "வாங்கணும்" என்பார் டீச்சர். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

ஒரு விடுமுறை நாள் காலையில் டீச்சர் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"பல்லுக்கு ஒரு டாக்டர் வச்சிருக்கீங்க. கண்ணுக்கு ஒருத்தர் வச்சிருக்கீங்க. மொத்த ஆளையும் பார்க்கறதுக்கு ஒருத்தர் கிடையாது. ஒரு நல்ல பொது மருத்துவரைப் பிடிங்க. வருஷத்துக்கு ஒரு தடவை போய் காட்டுங்க."

"எனக்கு ஒண்ணும் இல்லையே."

"ஒண்ணும் இல்லாதப்போ போறதுதான் பரிசோதனை. வந்துட்ட பிறகு போனா அதுக்குப் பேரு வேற. உங்கப்பா என்ன ஆனார்?"

அவருடைய அப்பா ஐம்பத்தாறாவது வயதில் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். பஸ் போய்விட்டது, அவரும் போய்விட்டார்.

டீச்சர் பயந்துபோய்த்தான் கேட்டார். அந்தப் பயம் அவர் குரலில் இருந்தது. ஆனால் சுண்ணாம்பு சார் காதில் விழுந்தது 'பரிசோதனை' என்ற ஒரே ஒரு சொல்தான். பரிசோதனை என்றால் ஆய்வு. ஆய்வு என்றால் ஜெயிக்கவேண்டிய விஷயம். அவருக்கு ஒரு புது உற்சாகமே வந்துவிட்டது. அன்றைக்கே ஒரு கோப்பு திறந்தார்.

முதலில் ஆய்வாளரைத் தேர்ந்தெடுக்கவேண்டும். தொழிற்சாலையில் இது அவர் கையில் இல்லாத விஷயம். மேலிடத்திலிருந்து யாரை அனுப்பினாலும் ஏற்றுக்கொண்டுதான் ஆகவேண்டும். இங்கேயோ, தன்னைச் சோதிக்கப்போகிற ஆளைத் தானே பொறுக்கி எடுக்கலாம்! இப்படி ஒரு வசதி மருத்துவத்தில் இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று வருத்தப்பட்டார். ஒரு தாளில் கட்டம் போட்டார். டாக்டரின் படிப்பு, அனுபவம், வீட்டிலிருந்து தூரம், அவசரத்துக்குக் கூப்பிட்டால் எடுப்பாரா என்றெல்லாம் டீச்சர் தலைப்புகள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். டீச்சர் அந்தப் பக்கம் போனதும் கடைசியில் தன் பங்குக்கு ஒரு தலைப்புச் சேர்த்தார்: 'சுபாவம்'. அந்த ஒரு தலைப்புக்கு மட்டும் நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் ஒதுக்கினார்.

முதலில் மச்சினன் சொன்ன பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். மச்சினன் எதையும் பெரிதாகவே சொல்லும் ஆள். அங்கே வரவேற்பறையில் இருந்த பெண் ஒரு வழவழப்பான அட்டையை நீட்டினாள். எண்பத்திரண்டு சோதனைகள். உச்சி முதல் உள்ளங்கால் வரை படம் பிடிக்கிற இயந்திரங்கள்.

"டாக்டரை எப்ப பார்க்கலாம்?"

"எல்லா டெஸ்ட்டும் முடிஞ்சதும் கடைசியா டாக்டர் அஞ்சு நிமிஷம் பேசுவார் சார்."

இயந்திரத்தோடு பேச்சுக்கொடுக்க முடியாது, அதற்கு டீயும் கொடுக்க முடியாது. கட்டத்தில் 'சுபாவம்: கிடையாது' என்று எழுதிவிட்டு வெளியே வந்தார்.

இரண்டாவது, டீச்சரோடு வேலை பார்க்கும் அறிவியல் டீச்சர் சொன்ன இளம் டாக்டர். வராத இருமலை வரவழைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். தொண்டையைப் பார்த்து முடித்த டாக்டர், கையைக் கழுவிக்கொண்டே, "மாடி ஏறினா மூச்சு வாங்குதா? நெஞ்சுல பாரமா இருக்கா? குடும்பத்துல யாருக்காவது இதய நோய்?" என்று அடுக்கினார். வந்தது இருமலுக்கு, இந்த ஆள் நேரே மாடிக்கே போகிறானே! "எங்க வீடு தரைத்தளம்" என்று சுண்ணாம்பு சார் ஒரே போடாகப் போட்டுவிட்டு எழுந்து வந்தார். கட்டத்தில் 'தகுதியற்றவர். காரணம்: அநாவசியக் கேள்விகள்.'

மூன்றாவது இடம் அலுவலகத்துக்குப் போகிற வழியிலேயே இருந்தது. தையல் கடைக்கும் சாவிக் கடைக்கும் நடுவில் இரண்டு அறை. காத்திருக்கும் அறையில் பழைய நாற்காலிகள், ஒரு எடை மெஷின், சாய்ந்து தொங்கும் காலண்டர். டாக்டரம்மாவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. உள்ளே யார் போனாலும் கால் மணி நேரம் பேச்சும் சிரிப்பும்தான் கேட்டது. கதவைத் திறந்தபோது எட்டிப் பார்த்தார்: மேசையில் ஒரு டீ ஃபிளாஸ்க். ஒரு கொத்தனார் தன் மகள் கல்யாணக் கதையைச் சொல்ல, அந்த அம்மாள் கன்னத்தில் கையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சுண்ணாம்பு சாருக்குக் கண் நிறைந்துபோயிற்று. ஃபிளாஸ்க் வைத்திருக்கும் ஆய்வாளரை அவருக்குத் தெரியும். கதை கேட்கிற ஆய்வாளரையும் தெரியும். இந்த ரகம் காட்டியதைப் பார்க்கும், டீ குடிக்கும், கையெழுத்துப் போடும். பத்தொன்பது வருஷ அனுபவத்தின் மேல் சத்தியம் செய்யலாம். தொண்ணூறுக்குத் தொண்ணூறு போட்டார். சரியாக இருபத்தொரு நாள் கழித்து வருகிற தேதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

"இவ்வளவு தள்ளியா?" என்றார் டீச்சர்.

"அதுக்கு முன்னாடி கிடைக்கலை" என்றார். நாளைக்கே வரச் சொன்னதை அவர் சொல்லவில்லை.

பிறகு நடந்ததைத் தொழிற்சாலை ஆட்கள் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார்கள். சர்க்கரை நின்றது. உப்பு பாதியானது. ருசி பார்க்க வாயில் போட்ட பிஸ்கட்டை, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கைக்குட்டையில் துப்பினார். காலையில் அரை மணி நேரம் நடந்தார், சமதளத்தில் மட்டும்; மேடு வந்தால் திரும்பிவிடுவார். முடிக்குக் கறுப்பு அடித்தார். புது பனியன், புது காலுறை. "டாக்டர் காலுறையையா பார்க்கப்போறாங்க?" என்று டீச்சர் கேட்டதற்கு, "எதைப் பார்ப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று வாங்கி, தினமும் பார்த்து எழுத ஒரு சின்ன நோட்டும் வைத்தார். முதல் நாள் அது நூற்றைம்பத்தெட்டு காட்டியது. தரம் தவறிய மாவு மாதிரியைப் பார்ப்பது போல் அதைப் பார்த்தார். மாதிரி சரியில்லையென்றால் மறுசோதனை. மூன்றாவது மறுசோதனையில் நூற்று நாற்பத்தாறு. ஆறாவதில் நூற்று முப்பத்தெட்டு. அதில் ஒரு பத்தைத் தள்ளுபடி செய்து எழுதிக்கொண்டார். நாலு நாள் இந்தப் பாடு பட்டதும் அலுத்துப்போய் கருவியை அலமாரியில் வைத்துவிட்டார். மிச்சம் பதினேழு நாளை, போவதற்கு முதல் நாள் சாயங்காலம் ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதினார்.

அதிலும் கலைஞன் கலைஞன்தான். கற்றுக்குட்டி எழுதினால் எல்லா நாளும் நூற்றிருபது, எண்பது என்று இருக்கும். இவர் ஒரு நாள் ஏற்றினார், மறுநாள் இறக்கினார். நாலு பேனாவை மாற்றி மாற்றி எழுதினார். ஒரு தேதியை அடித்துத் திருத்தினார். கடைசியாக டீச்சருடைய டீக் கோப்பையை எடுத்து ஒன்பதாம் தேதிப் பக்கத்தின் மேல் ஒரு நிமிஷம் வைத்தார். வட்டமாகக் கறை விழுந்தது. தள்ளிப் பிடித்துப் பார்த்தார். உயிரோட்டமாக இருந்தது.

கிளினிக்கில் கொடுத்திருந்த குடும்ப வரலாறு எழுதும் தாளில் அப்பாவுக்கு நேராக 'இயற்கை மரணம்' என்று எழுதினார். 'தற்போதைய தொந்தரவுகள்' என்ற இடத்தில் 'குறிப்பிடும்படியாக எதுவும் இல்லை' என்று எழுதி அடிக்கோடும் போட்டார்.

டீச்சர் அந்தத் தாளை வாங்கிப் படித்தார்.

"மீட்டர் பார்க்கறதை எழுதலையே?"

"அது எதுக்கு?"

"விடையை மட்டும் எழுதிட்டுப் போறீங்க. நானா இருந்தா முட்டை போடுவேன்." பிறகு குரல் இறங்கிவிட்டது. "எனக்குப் பயமா இருக்குங்க. நானும் உள்ள வரட்டுமா?"

"ஆய்வுன்னா ஒரு வாய்தான் பேசணும். ரெண்டு வாய் பேசினா குளறுபடியாயிடும். நீ வெளியில உட்கார்ந்து பேப்பர் திருத்து."

குறித்த நாளில் டீச்சர் காத்திருக்கும் அறையில் விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்தார். சுண்ணாம்பு சார் கோப்பை இடுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

"வாங்க சார், உட்காருங்க. டீ சாப்பிடறீங்களா?" என்று டாக்டரம்மா ஃபிளாஸ்க்கைத் திறந்தார்.

"ஐயோ வேண்டாம் மேடம். டீயெல்லாம் விட்டு ரெண்டு வருஷமாச்சு. வீட்டுலயே எனக்குன்னு போடறதில்லை."

"நல்ல விஷயம். எனக்கு அந்த வைராக்கியம் இல்லை." அவர் தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டார். கோப்பு மூடியே இருந்தது. "என்ன வேலை பார்க்கறீங்க?"

"பிஸ்கட் கம்பெனியில தர அதிகாரி."

"அடேயப்பா! அப்ப உங்களைத் தேடியும் இன்ஸ்பெக்டருங்க வருவாங்களா? என்னை மாதிரி சோதிச்சுப் பார்க்க?"

இதுவரைக்கும் யாரும் சுண்ணாம்பு சாரிடம் அவருடைய கலையைப் பற்றி விசாரித்ததில்லை. முதலாளிக்கு முடிவு போதும், தொழிலாளிகளுக்குக் கேலி போதும். இந்த அம்மாள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். சுண்ணாம்பு சார் உருகிவிட்டார். வெள்ளையடிப்பதில் ஆரம்பித்தார். சுண்ணாம்பு வாசனை போக மூன்று நாள் முன்னாலேயே அடித்துவிடவேண்டும் என்றார். ஓடாத இயந்திரத்துக்கு முன்னால் 'பராமரிப்பில்' என்று பலகை வைக்கும் வித்தையைச் சொன்னார். டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் வெளியே டீச்சரே தலை தூக்கிப் பார்த்தார்.

"பதிவேடு? தினமும் எழுதணுமே, அதுக்கு என்ன பண்ணுவீங்க?"

"யார் மேடம் தினமும் எழுதறாங்க? மொத்தமா உட்கார்ந்து எழுதறதுதான். ஆனா அதுல ஒரு நெளிவு சுளிவு இருக்கு. ஒரே பேனாவுல எழுதினா மாட்டிக்குவோம். பேனா மாத்தணும். நம்பர் ஏறி இறங்கணும். ஒரு இடத்துல அடிச்சு எழுதணும். எல்லாத்துக்கும் மேல, நடுவுல எங்கயாவது ஒரு பக்கத்துல..."

"ஒரு பக்கத்துல?"

"ஒரு டீக்கறை படணும் மேடம்! கறை இருந்தா எந்த இன்ஸ்பெக்டரும் நம்பிடுவான்."

"பிரமாதம்" என்றார் டாக்டரம்மா. "சரி, உங்க கோப்பைக் கொடுங்க."

கொடுத்தார். அவர் நிதானமாகப் பிரித்தார். பழைய ரிப்போர்ட்டுகளைப் பார்த்தார். குடும்ப வரலாற்றைப் பார்த்தார். பிறகு சின்ன நோட்டைத் திறந்தார். ஒன்றாம் தேதி நீலப் பேனா. மூன்றாம் தேதி கறுப்பு. ஆறாம் தேதி அடித்தல் திருத்தல். எட்டாம் தேதியைத் திருப்பும்போதுதான் சுண்ணாம்பு சாருக்கு அடுத்த பக்கம் ஞாபகம் வந்தது. நோட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தார்.

டாக்டரம்மா ஒன்பதாம் தேதியைப் பார்த்தார். கறையைப் பார்த்தார். கறை மேல் ஒரு விரலால் வட்டம் போட்டார். சிரிக்கவில்லை.

"டீயை விட்டு எத்தனை வருஷம்னு சொன்னீங்க சார்?"

பத்தொன்பது வருஷத்தில் சுண்ணாம்பு சாரைக் கையும் களவுமாகப் பிடித்தவர் இவர் ஒருவர்தான். அதுவும் அவரே எடுத்துக்கொடுத்த கயிற்றைக் கொண்டே கட்டியிருந்தார்.

"நான் திட்டப்போறதில்லை" என்றார் டாக்டரம்மா. "ஒரே ஒரு கேள்வி. உங்களுக்குத்தான் எல்லா வித்தையும் தெரியுமே. நீங்களே இன்ஸ்பெக்டரா ஒரு கம்பெனிக்குப் போறீங்கன்னு வச்சுக்கங்க. முதல்ல எங்க பார்ப்பீங்க?"

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "புதுசா பெயிண்ட் அடிச்ச இடத்துல" என்று சொல்லிவிட்டார். சொன்ன வாய் மூடவில்லை, அவருக்குத் தன் குரலே கேட்டது. போன வருஷம் கேட்கவேண்டிய குரல் அது.

போன வருஷம் கலவைக் கூடத்தில், மேடைக்குப் போகும் ஏணியில் ஒரு கைப்பிடி துருப்பிடித்திருந்தது. மாற்ற நேரம் இல்லை. ஆய்வுக்கு எட்டு நாள்தான் இருந்தது. மஞ்சள் பெயிண்ட் அடிக்கச் சொன்னார். இரண்டு கோட் அடித்தார்கள். ஆய்வாளர் அந்தக் கைப்பிடியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரம் கலவைக்காரர் அதைப் பிடித்து ஏறும்போது கைப்பிடி கையோடு வந்தது. இடுப்பெலும்பு முறிந்து நாலு மாசம் படுக்கையில் கிடந்தார். சுண்ணாம்பு சார் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனபோது அந்த மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. "பெயிண்ட் நல்லாத்தான் சார் இருந்துச்சு. உள்ளதான் இரும்பு இல்லை" என்றார். வைதிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. அன்றிலிருந்து எந்தக் கைப்பிடியையும் ஆட்டிப் பார்க்காமல் சுண்ணாம்பு சார் பிடிப்பதில்லை.

இதை அவர் டீச்சரிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. அந்தச் சின்ன அறையில், முன்பின் பழகாத ஒரு பெண்மணியிடம், ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லி முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொள்ளக் கைக்குட்டையை எடுத்தார். அதிலிருந்து பிஸ்கட் தூள் உதிர்ந்தது.

டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார். "உங்க உடம்புல எந்த இடத்துல சார் பெயிண்ட் அடிச்சிருக்கீங்க?"

சுண்ணாம்பு சார் மார்புக்கு நடுவில் கையை வைத்தார்.

பிறகு எல்லாம் வந்தது. மாடி, மீட்டர், முழங்கால் வைத்து அழுத்துவது போன்ற பாரம், இரண்டு நிமிஷம், நாலு மாசம், அப்பா ஓடிப் பிடிக்காத பஸ். நாளாக ஆகக் கூடுகிறதா, உட்கார்ந்திருக்கும்போது வருகிறதா, கைக்குப் பரவுகிறதா என்று அந்த அம்மாள் ஒவ்வொன்றாகக் கேட்டார். இளம் டாக்டர் கேட்ட அதே கேள்விகள்தான். ரத்த அழுத்தம் பார்த்தார்: நூற்று அறுபத்திரண்டு. மறுசோதனை செய்யலாமா என்று சுண்ணாம்பு சார் கேட்கவில்லை. படுக்கவைத்து ஈசிஜி எடுத்தார்.

"இது சரியாத்தான் இருக்கு. சும்மா படுத்திருக்கும்போது பல பேருக்குச் சரியாத்தான் இருக்கும். நடக்கவச்சுப் பார்த்தாதான் தெரியும். ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கலாம்னு நினைக்கறேன். நாளைக்குக் காலையிலயே இதய டாக்டரைப் பார்க்கறீங்க, நானே பேசிடறேன். இந்த மாத்திரைகளை இன்னைக்கே ஆரம்பிங்க. பாரம் வந்தா நின்னுடணும். நிக்கும்போதும் விடலைன்னா, இல்ல சும்மா இருக்கும்போதே வந்துச்சுன்னா, இந்த மாத்திரையை நாக்குக்கு அடியில வச்சுக்கிட்டு நேரா அவசரப் பிரிவுக்குப் போயிடணும். மீட்டர் பார்க்கக் கூடாது."

"சரிங்க."

"சர்க்கரைக்கும் ரத்தம் எடுக்கறேன். இதுல உங்க இருபத்தொரு நாள் வித்தை செல்லாது. மூணு மாசத்துச் சராசரியைக் காட்டிடும்." அவர் எழுதிக்கொண்டே நிமிர்ந்தார். "அடுத்த தடவைக்குத் தேதி கொடுக்கமாட்டேன். திடீர்னு போன் பண்ணுவேன். எப்படி இருக்கீங்களோ அப்படியே வரணும். கறுப்பு அடிக்கறதா இருந்தாலும் பரவாயில்லை, தலையோட நிறுத்திக்கங்க."

வெளியே வந்ததும் டீச்சர் எழுந்து நின்றார். மடியிலிருந்த விடைத்தாள்கள் சரிந்தன. ஒரு தாளைக்கூட அவர் திருத்தியிருக்கவில்லை.

"பாஸா?" என்றார்.

"ஃபெயில்" என்றார் சுண்ணாம்பு சார். அப்புறம் எல்லாவற்றையும் தெருவில் நின்றே சொன்னார். டீச்சர் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. "நாளைக்கே வரச் சொன்னதை மறைச்சீங்களா? இருபத்தொரு நாளா? அதுக்குள்ள ஏதாவது ஆகியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?" என்று தையல் கடைக்காரர் மெஷினை நிறுத்திப் பார்க்கும் அளவுக்குக் கேட்டார். இல்லாத பதிலை உண்டாக்கும் சுண்ணாம்பு சாரின் வித்தை அன்றைக்குக் கைகொடுக்கவில்லை.

வீட்டுப் படிகளை ஆமை வேகத்தில் ஏறினார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்துக்கு ஆறு படி முன்னாலேயே மார்பில் லேசாக அழுத்தம் தெரிந்தது. மீட்டர்கள் மேலே வரிசையாகக் காத்திருந்தன.

"நெஞ்சு பாரமா இருக்கு. உட்காரலாம்" என்று சொல்லிவிட்டு அவர் படியிலேயே உட்கார்ந்தார். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு நாலு மாசம் ஆகியிருந்தது. டீச்சரும் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷத்தில் அழுத்தம் விட்டது. "விட்டுருச்சு" என்றார். டீச்சர் பெருமூச்சு விட்டு, பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்தார்.

அப்போதுதான் அது சுண்ணாம்பு சார் கண்ணில் பட்டது. இரண்டு படி கீழே, டீச்சருடைய வலது கால் செருப்பு தனியாகக் கிடந்தது. செருப்பைப் பார்த்தார். டீச்சருடைய வெறுங்காலைப் பார்த்தார். பாதி காலியான பாட்டிலைப் பார்த்தார். பத்தொன்பது வருஷமாக மறைப்பதற்கு மட்டுமே பழகிய கண், முதல் தடவையாகத் தேடுவதற்குத் திரும்பியது.

"செருப்பு கழண்டது உனக்குத் தெரியலையா?"

டீச்சர் காலை இழுத்துக்கொண்டார். "பழைய செருப்பு. அதான் வாங்கணும்னு..."

"தெரிஞ்சுதா, தெரியலையா?"

முப்பது வருஷமாக மற்றவர்களைக் கேள்வி கேட்டே பழகிய டீச்சர் செருப்பில்லாத பாதத்தைக் கையால் தேய்த்துக்கொண்டார்.

"தெரியலை" என்றார் கடைசியில். "ஆறு மாசமா பாதம் மரத்துப்போன மாதிரி இருக்கு. தாகமும் அடங்கமாட்டேங்குது. நீங்க இங்க நிப்பீங்க பாருங்க, எனக்கும் அது சௌகரியமா இருந்துச்சு."

தன் மார்பை மறைப்பதிலேயே கண்ணாக இருந்ததில், பக்கத்தில் நின்ற காலைச் சுண்ணாம்பு சார் பார்க்கவே இல்லை. பார்த்த தடவையெல்லாம் புதுச் செருப்பு வாங்கச் சொல்லியிருக்கிறார்.

"நாளைக்குச் சாயங்காலம் உனக்கும் அந்த டாக்டரம்மாவைப் பார்த்துடுவோம்."

"நாளைக்கா?" டீச்சர் பதறிப்போனார். "முதல்ல உங்களது ஆகட்டுங்க. எனக்கு ஒரு மாசம் போகட்டும். கொஞ்சம் இனிப்பைக் குறைச்சுக்கறேன். ரெண்டு கிலோ இறக்கிக்கறேன். அந்த அம்மா முன்னாடி இப்படியேவா போய் நிக்கறது?"

"மூணு மாசச் சராசரி காட்டிடுமாம். சராசரி என்னன்னு கணக்கு டீச்சருக்கு நான் சொல்லணுமா?"

டீச்சர் முறைத்தார். சுண்ணாம்பு சார் அதைப் பொருட்படுத்தாமல் போனை எடுத்தார். மறுமுனையில் டாக்டரம்மாவிடம் வேலை பார்க்கும் பெண் எடுத்தாள். மனைவிக்கு நாளைக்குச் சாயங்காலம் நேரம் வேண்டும் என்றார்.

"அடுத்த வாரம் வர்றீங்களா சார்? பழைய ரிப்போர்ட், மாத்திரை லிஸ்ட் எல்லாம் தயாரா வச்சிருக்கீங்களா?"

"எதுவுமே தயாரா இல்லைம்மா" என்றார் சுண்ணாம்பு சார். "அதனாலதான் நாளைக்கே வேணும்."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். படிக்கட்டுக் கைப்பிடியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். பிறகு அதைப் பிடித்துக்கொண்டு, செருப்பை எடுக்க இரண்டு படி இறங்கினார்.